தொழுகைச் செயலிக்குள் வேறு யார் இருக்கிறார்கள்? செயலி எழுதும் நம் பிள்ளைகளும் புதிய தனியுரிமை விதிகளும்

தொழுகை நேரம் காட்டும் செயலி இல்லாத கைபேசியை இன்று நம் வீடுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிவாசல் பாங்கு காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவர்கள்கூட ஸஹர் முடிவு நேரம் பார்க்கவும் பயணத்தில் கிப்லா பார்க்கவும் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போனவர்களுக்கு அது இன்னும் அவசியம். இன்னொரு பக்கம், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலும் கணினி படித்து வெளியே வரும் பிள்ளைகள் தாங்களே செயலி எழுதத் தொடங்கிவிட்ட காலம் இது. ஜமாஅத் அறிவிப்புக்கு ஒன்று, மதரஸா பாடத்துக்கு ஒன்று, திக்ர் எண்ண ஒன்று என்று யோசனைகளுக்குக் குறைவில்லை.

இந்த இரு தரப்பாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு செயலியில் இருக்கும் நிரல் முழுவதையும் அதை வெளியிட்டவர் எழுதியிருக்க மாட்டார். விளம்பரம் காட்ட ஒன்று, செயலி எங்கே நின்றுபோனது என்று சொல்ல ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, அறிவிப்பு அனுப்ப ஒன்று என வெளி நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்ப்பார்கள். இவற்றை எஸ்டிகே என்றும் லைப்ரரி என்றும் சொல்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. நிக்காஹ் வீட்டில் பிரியாணிக்குப் பண்டாரியையும் பந்தலுக்கு வேறொருவரையும் அமர்த்துவதைப் போன்றதுதான்.

வேறுபாடு சாவியில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பண்டாரி அடுப்படியோடு நிற்பார். கைபேசியில் அப்படி இல்லை. இருப்பிடம் அறிய நாம் அனுமதி கொடுப்பது செயலிக்கு. அந்தச் செயலிக்குள் எத்தனை எஸ்டிகே இருந்தாலும் அத்தனைக்கும் அதே அனுமதி போய்விடும். 'கிப்லா காட்ட மட்டும், விளம்பர நிரலுக்கு இல்லை' என்று பிரித்துக் கொடுக்க ஆண்ட்ராய்டிலும் வழியில்லை, ஐபோனிலும் வழியில்லை. கடந்த சில ஆண்டுகளில் ஆப்பிளும் கூகுளும் கொண்டுவந்த விதிகள் பெரும்பாலும் இந்த ஓட்டையைச் சுற்றித்தான் வருகின்றன. இந்த ஓட்டையை உலகத்துக்குத் தெரியக் காட்டிய சம்பவங்களில் முக்கியமான சில, முஸ்லிம்களின் தொழுகைச் செயலிகளில் நடந்தவை.

நடந்தது என்ன?

2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. சிங்கப்பூரில் உள்ள பிட்ஸ்மீடியா நிறுவனத்தின் முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற அமெரிக்கத் தரவு நிறுவனத்துக்குப் போகிறது என்பதே செய்தி. எக்ஸ்-மோட்டின் வாடிக்கையாளர்களில் பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள், அவர்கள் வழியாக அத்தகவல் அமெரிக்க ராணுவத்தை எட்டியது என்று அந்தச் செய்தி சொன்னது. அப்போது முஸ்லிம் ப்ரோ 9 கோடியே 80 லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கப்பட்டிருந்தது. இருப்பிடத்தோடு வைஃபை பெயர், நேரம், கைபேசி மாடல் ஆகியவையும் வெளியே போனதை, செயலியிலிருந்து புறப்படும் இணையப் போக்குவரத்தைக் கவனித்து உறுதி செய்தார்கள்.

ராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது. ஆயினும் எக்ஸ்-மோட் உட்பட எல்லாத் தரவுக் கூட்டாளிகளுடனும் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. நேரடியாக விற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செயலியில் இருந்து எஸ்டிகே நிறுவனத்துக்கு, அங்கிருந்து ஒப்பந்ததாரருக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு என்று கை மாறும் சங்கிலியில், முதல் கண்ணியைக் கொடுத்தவருக்குக் கடைசிக் கண்ணி தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் அன்று அவருக்கு இல்லை.

செயலிக்காரர்கள் இதற்கு ஏன் சம்மதித்தார்கள்? பணம்தான். அமெரிக்காவில் தினமும் 50,000 பேர் பயன்படுத்தும் செயலி என்றால் மாதம் 1,500 டாலர் கிடைக்கும் என்று எக்ஸ்-மோட் தன் இணையதளத்திலேயே போட்டிருந்தது. இலவசச் செயலி நடத்தி, சர்வர் கட்டணத்தைக் கைக்காசில் கட்டும் ஒரு சிறு தயாரிப்பாளருக்கு இது பெரிய தொகை. 'சில வரி நிரலைச் சேர்த்தால் போதும், பயனருக்கு ஒன்றும் தெரியாது' என்கிற பேச்சில் மயங்குவது எளிது.

2020 டிசம்பரில் ஆப்பிள், கூகுள் இரண்டும் எக்ஸ்-மோட் எஸ்டிகேயை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டன. ஆப்பிள் கொடுத்த கெடு இரண்டு வாரம். கூகுள் கொடுத்தது ஏழு நாள். கேட்டுக்கொண்டால் 30 நாள்.

அதோடு முடியவில்லை. 2021 ஜனவரியில், ஒரு கோடிக்கு மேல் தரவிறக்கம் கண்ட ஸலாத் ஃபர்ஸ்ட் என்ற தொழுகை நேரச் செயலியும் பிரெடிசியோ என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவல் அனுப்பியது வெளியானது. 2022 ஏப்ரலில் வந்த வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி இன்னும் கவலை தருவது. பனாமாவில் பதிவான மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் காசு கொடுத்துத் தன் எஸ்டிகேயைப் பல ஆண்ட்ராய்டு செயலிகளில் சேர்க்க வைத்திருந்தது. அல் முஅத்தின் போன்ற தொழுகைச் செயலிகள், க்யூஆர் கோடு படிக்கும் செயலி, வானிலைச் செயலி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. செர்ஜ் எகல்மன், ஜோயல் ரியர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த நிரல் இருப்பிடத்தோடு கைபேசி எண், மின்னஞ்சல், அருகில் உள்ள சாதனங்களின் விவரம், நாம் நகலெடுத்து வைக்கும் எழுத்துகள் வரை எடுக்கக்கூடியது என்று தெரிந்தது. கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறைந்தது 6 கோடி சாதனங்களில் அது இருந்ததாக மதிப்பிட்டார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒரு வர்ஜீனியா நிறுவனத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதைப் பதிவேடுகள் காட்டுவதாகவும் செய்தி சொன்னது. மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் குற்றச்சாட்டுகளை மறுத்தது. கூகுள் அந்தச் செயலிகளை அகற்றியது. எஸ்டிகேயை எடுத்துவிட்டால் திரும்ப வரலாம் என்றது, பல செயலிகள் அப்படியே திரும்பின.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், எக்ஸ்-மோட்டின் மீதும் அவுட்லாஜிக் எனப் பெயர் மாறிய அதன் வாரிசு நிறுவனத்தின் மீதும் தடை உத்தரவு கொண்டுவந்தது. மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற இடங்களுக்கு யார் போய் வந்தார்கள் என்று காட்டும் இருப்பிடத் தகவலை அந்நிறுவனம் விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

பிறரைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அனுமதியின்றி அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதை அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தடுக்கிறது. நமக்கு இது அமெரிக்க ஆணையம் சொல்லித்தான் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. என்றாலும், நாம் ஐவேளை திறக்கும் செயலியே துருவும் கருவியாக மாறியது, நாம் சரியாகக் கவனிக்காமல் விட்ட ஒன்று.

விதிகள் எப்படி மாறின?

முதலில் வந்தது 'சொல்லிவிட்டுச் செய்' என்ற வகை. ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு செயலியும் என்னென்ன தகவல் எடுக்கிறது என்று பட்டியலிட வேண்டும் என 2020 டிசம்பரில் ஆப்பிள் விதித்தது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். பிளே ஸ்டோரில் 'தரவுப் பாதுகாப்பு' என்ற பகுதி 2022 ஜூலை 20 முதல் கட்டாயமானது. எஸ்டிகே எடுக்கும் தகவலையும் செயலிக்காரர்தான் அதில் காட்ட வேண்டும். 'அது அவர்கள் நிரல், எனக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது.

ஆனால் அந்தப் பட்டியலை நிரப்புவது செயலிக்காரரேதான். முன்கூட்டியே யாரும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதில்லை. 2023 பிப்ரவரியில் மொசில்லா அறக்கட்டளை பிளே ஸ்டோரின் பிரபலமான 40 செயலிகளை எடுத்து, அவை காட்டிய பட்டியலை அவற்றின் சொந்தத் தனியுரிமைக் கொள்கையோடு ஒப்பிட்டது. ஏறத்தாழ 80 சதவீதச் செயலிகளில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெரிய நிறுவனங்களின் நிலையே இது.

இரண்டாவது கட்டம்தான் எஸ்டிகேக்களை நேரடியாகத் தொட்டது. 2023 ஜூன் மாநாட்டில் ஆப்பிள் 'பிரைவசி மேனிஃபெஸ்ட்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. ஒவ்வொரு லைப்ரரியும் தன்னுடன் ஒரு சிறு கோப்பைக் கொண்டுவர வேண்டும். பயனரைப் பின்தொடர்கிறதா, எந்தெந்த இணைய முகவரிகளுக்குப் பின்தொடரும் தகவல் போகிறது, எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறது, ஆப்பிள் குறிப்பிட்டுள்ள சில வசதிகளை எந்தக் காரணத்துக்காகப் பயன்படுத்துகிறது என்ற நான்கும் அதில் இருக்கும். பயனர் சம்மதிக்காவிட்டால், அதில் குறித்துள்ள பின்தொடரும் முகவரிகளுக்கான இணைப்பை ஐபோனே தடுத்துவிடும். 2024 மே 1 முதல் இது கட்டாயம். ஃபயர்பேஸ், ஃபிளட்டர், ஒன்சிக்னல், பேஸ்புக் எஸ்டிகே என்று பரவலாகப் பயன்படும் எண்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை ஆப்பிள் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. புதிதாக அவற்றைச் சேர்க்கும் செயலியில் மேனிஃபெஸ்ட் இருந்தாக வேண்டும். நிரலாக இல்லாமல் தொகுத்த கோப்பாகச் சேர்த்தால், தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும்.

'குறிப்பிட்ட சில வசதிகள்' என்றதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோப்பு மாறிய நேரம், கைபேசி கடைசியாக இயங்கத் தொடங்கிய நேரம், மீதமுள்ள சேமிப்பிடம், பயன்பாட்டில் உள்ள கீபோர்டுகள், அமைப்புகளைச் சேமிக்கும் யூசர்டிஃபால்ட்ஸ் ஆகிய ஐந்தும் அவை. பார்க்க அப்பாவியானவை. ஆனால் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, பெயர் தெரியாமலே ஒரு கைபேசியை மற்றொன்றிலிருந்து அடையாளம் பிரிக்க முடியும். கைரேகை எடுப்பது மாதிரி. பயனர் சம்மதித்தாலும் இது கூடாது என்பது ஆப்பிளின் விதி. நம் பிள்ளைகள் எழுதும் செயலியில் இது எங்கே வரும்? அஸர் நேரத்துக்கு ஹனஃபியா ஷாஃபியா என்று பயனர் தேர்ந்ததை நினைவில் வைக்க யூசர்டிஃபால்ட்ஸைத்தான் பயன்படுத்துவார்கள். அதற்கும் காரணக் குறியீடு எழுத வேண்டும். எழுதாமல் அனுப்பினால் ஏற்க மறுத்து மின்னஞ்சல் வரும். தீய எண்ணம் எதுவும் இல்லாத செயலிகளும் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன.

செயலி எழுதுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை கணக்கெடுப்பு. நாம் பத்து லைப்ரரி சேர்த்திருப்போம், அந்தப் பத்தும் தம் பங்குக்கு இன்னும் பலவற்றை உள்ளே இழுத்து வந்திருக்கும். ஆண்ட்ராய்டில் கிரேடில் வழியாகச் சார்புப் பட்டியலை முழுதாக எடுத்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் 'மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்' என்ற பக்கம், நாம் கேட்காத அனுமதியை எந்த லைப்ரரி கேட்டிருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். வேண்டாததை அங்கிருந்தே நீக்கவும் வழி உண்டு. ஐபோனுக்கு எக்ஸ்கோடில் செயலியை ஆர்கைவ் செய்த பின், எல்லா மேனிஃபெஸ்டுகளையும் ஒன்றுதிரட்டித் தனியுரிமை அறிக்கையாகத் தரும் வசதி இருக்கிறது. ஸ்டோரில் பட்டியல் நிரப்பும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவது நல்லது. கூகுளும் 'எஸ்டிகே இன்டெக்ஸ்' என்ற பெயரில், பழைய பதிப்புகளில் சிக்கல் உள்ளவற்றைக் குறித்துக் காட்டுகிறது.

கணக்கெடுத்த பிறகு கேட்க வேண்டியது, இது இல்லாமல் முடியாதா என்பதுதான். தொழுகைச் செயலியைப் பொறுத்தவரை பெரும்பாலும் முடியும் என்பது நம் கருத்து. அதற்குக் கணக்கே சாட்சி.

லுஹர் நேரம் சூரியன் உச்சி சாய்வதைப் பொறுத்தது. தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் ராஜபாளையத்துக்கும் சுமார் 2.7 பாகை, அதாவது 11 நிமிட அளவு வித்தியாசம். எனவே ஊர் தெரிய வேண்டியது அவசியம்தான். ஆனால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், மகாராஜபுரத்துக்கும்கூட, அரை நிமிட வித்தியாசம் வராது. கிப்லாவும் அப்படியே. நம் பகுதியிலிருந்து மக்கா, நேர் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 23 பாகை சாய்ந்திருக்கிறது. தெரு மாறுவதால் அது மாறப்போவதில்லை. எந்தத் தெருவில், எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்று சில மீட்டர் துல்லியத்தில் அறிவதால் தொழுகைக்கு ஒரு பயனும் இல்லை. அந்தத் துல்லியம் தேவைப்படுவது தரவு வியாபாரிக்கு மட்டுமே.

ஆகவே ஊர்ப் பட்டியல் ஒன்றைச் செயலிக்குள்ளேயே வைத்து, பயனர் தன் ஊரைத் தொட்டுத் தேர்ந்துகொள்ளும்படி செய்தால் ஜிபிஎஸ் அனுமதியே கேட்க வேண்டாம். பயணிகளுக்காகக் கேட்பதானால் தோராய இருப்பிடம் போதும். நேரக் கணிப்புக்கு பதூல் ஆப்ஸ் வெளியிட்டுள்ள 'அதான்' என்ற திறந்த மூல லைப்ரரி இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி கொடுத்தால் கைபேசிக்குள்ளேயே கணக்கிட்டுவிடும், அஸருக்கு இரு மத்ஹபு முறையும் அதில் உண்டு. வெளியே எதுவும் போகாது. பாங்கு நினைவூட்டலுக்கும் வெளி சர்வர் வேண்டியதில்லை, கைபேசியின் சொந்த அலாரமே போதும். ஜனாஸா அறிவிப்பு, ஜமாஅத் கூட்டம் போன்றவற்றுக்குத்தான் அறிவிப்பு எஸ்டிகே தேவை. அதைச் சேர்க்கும்போது கூடவே வரும் பகுப்பாய்வுப் பகுதியை அணைத்து வைக்கலாம்.

மதரஸா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் செயலி என்றால் விதி இன்னும் கடுமை. ஆப்பிளின் குழந்தைகள் பிரிவில் வெளி நிறுவன விளம்பரமும் பகுப்பாய்வும் சில விதிவிலக்குகள் தவிரக் கூடாது. பிளே ஸ்டோரில் சிறுவர்களுக்கு விளம்பரம் காட்ட, கூகுளின் குடும்பக் கொள்கைக்கு உட்படுவதாகச் சான்றளித்த விளம்பர எஸ்டிகேக்களை மட்டுமே பயன்படுத்தலாம். எந்த விளம்பரம் வரும் என்று நம் கையில் இல்லாத நிலையில், ஓதும் பக்கத்தில் விளம்பரமே வைக்காமல் விடுவதுதான் சரி.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஆப்பிளில் கணக்கு வைத்திருக்கவே ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் ஒருமுறை 25 டாலர். ஒரு ஊர் ஜமாஅத்துக்கு இது தாங்க முடியாத தொகை இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் மின்கட்டணத்துக்கும் வசூல் செய்வதைப் போல இதற்கும் செய்யலாம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிறவர்களுக்கு மத்தளம்பாறையில் உள்ள ஸோஹோ அலுவலகம் தெரிந்திருக்கும். அந்த நிறுவனம் 2020இல் தன் இணையதளங்களிலிருந்து மூன்றாம் தரப்புக் கண்காணிப்பு நிரல்களை நீக்கிவிட்டதாக அறிவித்தது. பயனரிடம் கட்டணம் வாங்குகிற நிறுவனம் அது, அதனால் பயனரை விற்கத் தேவையில்லாமல் போயிற்று.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. செயலி நடத்துவோருக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. தகவலை யாரிடம் கொடுத்துக் கையாளச் செய்தாலும் பொறுப்பு முதலில் வாங்கியவருடையதே என்று சட்டம் சொல்கிறது. 18 வயது நிறையாதவர்கள் அனைவரும் குழந்தைகள், அவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகள் தொடர்பான மீறலுக்கு 200 கோடி ரூபாய் வரையும், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் இதே சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனியார் துருவுவதைத் தடுக்கும் கதவு, அரசுக்கு வேண்டும்போது திறக்கும்படியே வைக்கப்பட்டிருக்கிறது.

நமக்குப் பயன்படும் பிரிவு ஒன்று அதில் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. 'ஐ அக்ரீ' என்று இருப்பதை அழுத்திவிட்டுப் போகும் நம் பெரியவர்களுக்காக, செயலி எழுதும் பிள்ளைகள் இதை 2027 வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், தொழுகைச் செயலியின் அனுமதிகளைத் திறந்து பாருங்கள். இருப்பிடம் 'எப்போதும்' என்று இருந்தால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லிய இருப்பிடத்தை அணைக்கும் பொத்தான் அங்கேயே உண்டு. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் அதே வசதி. அணைத்த பிறகும் தொழுகை நேரம் சரியாகவே வரும், மேலே சொன்ன கணக்கே அதற்குக் காரணம். செயலி ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்க விட்டால் இருப்பிட அனுமதியை முழுவதுமாக நிறுத்திவிடலாம். தொடர்புகள், மைக், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொழுகைச் செயலி கேட்டால் நீக்கிவிட்டு வேறொன்று பாருங்கள். எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சுத் தன்னார்வ அமைப்பின் தளத்தில் ஆண்ட்ராய்டு செயலியின் பெயரைத் தேடினால், அதற்குள் எந்தெந்தக் கண்காணிப்பு எஸ்டிகே இருக்கிறது என்ற பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. வாப்பா, உம்மாவின் கைபேசியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பழைய செயலிகள் அதிகம் தங்கியிருப்பது அங்கேதான்.